கருப்பன் வாசலில் அலறிய சைரன்

1986, ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்போது மதுரை ஆனையூரில் குடியிருந்தோம். என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த என் மச்சினன் அதற்கென்று திருடனைக் காட்டிக்கொடுக்கும் சைரன் ஒன்றை வாங்கி வந்து, தானே மாட்டியும் விட்டுப் போனான். அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று.

திருடன் காரைத் தொட்டால் கத்த வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அது காக்கா உட்கார்ந்தாலும் கத்தியது, பக்கத்து வீட்டில் மாவு இடித்தாலும் கத்தியது. அடக்குவதற்கென்று வைத்த சுவிட்சை எத்தனை தரம் அமுக்கினாலும் அடங்காது. பானெட்டைத் திறந்து ஒயரைப் பிடுங்க வேண்டும். சாப்பிட்ட கையோடு ஓடிப்போய்ப் பிடுங்கியிருக்கிறேன். கழற்றி எறிகிறேன் என்றால் என் மனைவிக்குப் பொறுக்காது. "எந் தம்பி ஆசையா வாங்கிட்டு வந்தது ஒங்க கண்ண உறுத்துதாக்கும்" என்பாள். கடைசியில் காருக்குக் கண் பட்டுவிட்டது என்று அவளே முடிவு கட்டினாள். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பசாமியிடம் பூசை போட்டால் சரியாகுமாம். சைரன் எலுமிச்சம்பழத்துக்கு அடங்குமா? ஆனாலும் கிளம்பினேன்.

காரைக் கடைகளுக்குப் பின்னால் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, பூசாரியைக் கூப்பிடப் போனோம். கருப்பனென்றே எல்லோரும் கும்பிடும் அந்த மூடிய சந்நிதிக் கதவுக்கு முன் ஒரு குடும்பமே கூடி நின்றது. நடுவில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி. கல்யாண வீட்டில் நாத்தனாரின் சங்கிலி காணாமல் போக, எடுத்தது இவள்தான் என்று மாமியார் சாதித்திருக்கிறார். சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லி அழைத்து வந்திருந்தார்கள். கருப்பன் வாசலில் பொய்ச் சத்தியம் செய்ய அந்தப் பக்கத்தில் யாருக்கும் துணிவு வராது. சத்தியம் தவறினால் அவள் தாய் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று பக்கத்தில் நின்ற பூக்காரம்மா சொன்னார்.

"நான் எடுக்கல சாமி" என்று அந்தப் பெண் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். அதே நொடியில் புளியமரப் பக்கமிருந்து ஊ... என்று கிளம்பியது அலறல்.

பாழாய்ப்போன நம் வண்டிதான். ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கிவிட்டுத் திரும்பினால், அங்கே எல்லாம் முடிந்திருந்தது. கார் தானாகக் கத்தும் என்று அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்? "கருப்பனே சொல்லிட்டான்டி!" என்று மாமியார் குதித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கரி படிந்த கையை விரித்தபடி, மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பேசாம வாங்க. அம்புட்டுப் பேரு நிக்கிறாக, அடிச்சுப்புடுவாக."

ஒளிப்பானேன், நானும் காரைப் பார்த்து இரண்டடி நடந்தேன். பிறகுதான் திரும்பினேன்.

"அது என் காருங்க" என்றேன். யாரும் நம்பவில்லை. எல்லோரையும் அழைத்துப் போய்க் காட்டினேன். ஒயரை மாட்டிக் கதவை ஓங்கிச் சாத்தினேன். சத்தமில்லை. காரை உலுக்கினேன், டயரை உதைத்தேன். ஈ உட்கார்ந்தாலே ஊரைக் கூட்டுகிற சனியன், வாயில் கொழுக்கட்டை வைத்தது போல நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இந்தப் பிள்ளை ஒமக்கு ஒறவா?" என்று ஒருவர் கூட்டத்திலிருந்து குத்தலாகக் கேட்டார். அவளுடைய மாமனார் மட்டும் நிதானமாக, "அப்ப நீங்களும் சூடத்த அணைச்சுச் சொல்லுங்க தம்பி" என்றார்.

மறுபடி சந்நிதிக்கு வந்தோம். சூடத்துக்கு மேல் கையைக் கொண்டுபோனபோதுதான் உறைத்தது, ஒயரை மாட்டியபடியே விட்டு வந்திருக்கிறேன்! இவ்வளவு நேரம் கத்தித் தொலை என்று கெஞ்சினேன். இப்போது கத்தினால் நான் பொய்யன், அவள் திருடி. போய்க் கழற்றிவிட்டு வருகிறேன் என்றால் யார் ஒப்புவார்கள்? "கத்தினது என் காருதான் சாமி" என்று அடித்து அணைத்தேன். சத்தமில்லை.

"எம் மருமகளும் இன்னொரு தடவ செய்யட்டும்" என்றார் மாமனார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவளோ சூடம் நன்றாகப் பற்றுவதற்குள்ளேயே அடித்து அணைத்தாள். சத்தமில்லை. மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாத்தா, வீட்டுக்குப் போவோம்" என்றார்.

போகிற வழியில் எல்லோரும் காரை ஒரு தரம் பார்க்க நின்றார்கள். எங்கள் பூசைக்காகக் கூடவே வந்த பூசாரி பானெட்டில் சந்தனம் வைத்தார். அவ்வளவுதான், ஊ... மாமியார் கையிலிருந்த தேங்காய் மூடி எகிறி உருண்டது. அந்தப் பெண் அப்போதுதான் சிரித்தாள்.

"அண்ணே, மொதல்ல அதக் கழட்டிப் போடுங்க. அடுத்து எவ மாட்டப் போறாளோ!"

அங்கேயே கழற்றினேன். என் மனைவிதான் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது தெருவில் எந்தக் கார் அலறினாலும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு மட்டும் அந்தப் பெண்ணின் விரித்த கையும், அவளை அப்படியே விட்டுவிட்டு நான் நடந்த அந்த இரண்டடியும்தான் நினைவுக்கு வருகின்றன.