அறுந்துகொண்டே இருந்த மதுரை லைன்

எண்பதுகளின் கடைசியில் தென்காசிக்கும் இலஞ்சிக்கும் நடுவில் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன். அலுவலகத்தில் இருந்த ஒரே டெர்மினலில் உட்காருவதுதான் என் வேலை. டெர்மினல் என்றால் ஒரு திரை, ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். உண்மையான கம்ப்யூட்டர் மதுரைத் தலைமை அலுவலகத்தில் இருந்தது. காலை பதினோரு மணிக்கு டெலிபோனில் மதுரையைப் பிடித்து மோடத்தோடு இணைப்பேன். அன்றைக்கு எந்த ஊருக்கு எத்தனை மூட்டை நூல் போகவேண்டும் என்ற பட்டியல் அங்கிருந்து வந்து, என் பக்கத்துப் பிரிண்டரில் அச்சாகும். லாரிக்காரர்கள் அதற்காக வாசலில் காத்திருப்பார்கள்.

பட்டியல் ஒரு நாளும் ஒரே மூச்சில் வந்ததில்லை. சுரண்டை ஊருக்கான வரி வரை ஒழுங்காக அடிக்கும். அப்புறம் டாலர், கேள்விக்குறி, கட்டம் என்று ஒரு வரி வரும். அதோடு பிரிண்டரும் நிற்கும், திரையும் நிற்கும். மறுபடி டயல் செய்து முதலிலிருந்து தொடங்குவேன்.

எங்கள் மேனேஜர் கீழப்பாவூர்க்காரர். நல்ல மனிதர், ஆனால் எந்த இயந்திரத்தையும் கண்காணிக்காமல் விட்டால் ஏமாற்றிவிடும் என்று நம்புகிறவர்.

"எம்மா, நீ என்னமோ தப்பாத் தட்டுத."

"நான் ஒண்ணும் தட்டலையே சார். அது பாட்டுக்கு அடிச்சிட்டு இருந்துது."

"அப்பம் தட்டாம இருந்ததுதான் தப்பு."

டெலிபோன் லைன்மேன் அண்ணாச்சி வந்தார். சாரல் காலம் என்பதால் முதலில் ஈரத்தைக் குற்றம் சொல்லி, இணைப்புப் பெட்டியைத் திறந்து துடைத்தார். மறுநாள் கம்பியில் உரசிய வேப்பங்கிளையை வெட்டினார். நான் என் பங்குக்குப் பிரிண்டர் கேபிளைக் கழற்றி, ஊதி, மாட்டினேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். எதுவும் பலிக்கவில்லை.

அந்த வாரம் மதுரையிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். மேனேஜர் அவர்களை ஐந்தருவியில் குளிக்கக் கூட்டிக்கொண்டு போனார். அன்று பட்டியல் கடைசி வரி வரை வந்தது. மறுநாள் அவர்கள் பழைய குற்றாலம் போனார்கள். அன்றும் முழுதாக வந்தது. மூன்றாம் நாள் மேனேஜர் தும்மிக்கொண்டே சீட்டில் வந்து உட்கார்ந்தார். லைன் சுரண்டை வரியில் அறுந்தது.

லைன்மேன் அண்ணாச்சி அப்போது என் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார் ரூம்லயும் ஒரு போன் கெடக்குல்லா?"

"ஆமா அண்ணாச்சி. அதுவும் இதே லைன்தான்."

"நீ மறுபடி போடு. நான் அங்கன போய் நிக்கேன்."

கொஞ்ச நேரத்தில் லைன் அறுந்தது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"சார் அப்பப்ப ரிசீவரை எடுத்துக் காதுல வச்சுப் பாக்குதாவ."

"எதுக்கு?"

"லைன் அறுந்துட்டான்னு பாக்கத்தான்."

இதை யார் சொல்வது என்று பேச்சு வந்தது. "எம்மா, நீயே சொல்லிரு. நான் கவர்மெண்டு ஆளு, என் மேல கம்ப்ளைண்ட் எழுதிருவாவ" என்று அண்ணாச்சி நழுவிவிட்டார். நான் போய்ப் பயந்துகொண்டே சொன்னேன். மேனேஜர் ரிசீவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்தா கீன்னு ஒரு சத்தம் கேக்கும். சரி, லைன் இருக்குன்னு வச்சிருவேன்."

"அந்தச் சத்தந்தான் சார் பட்டியல்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "ரெண்டு மாசமா நானா அறுத்தேன்?" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. "பாதி நாள் சாரலாவும் இருக்கும் சார்" என்று ஒரு பொய்யைச் சொன்னேன். அவர் அதை உடனே ஏற்றுக்கொண்டார்.

அண்ணாச்சி என் மேசையடியில் ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தார். பட்டியல் வரும் நேரத்தில் மேனேஜர் அறை போன் செத்துக் கிடக்கும். முதல் நாள் அவருக்கு உட்கார முடியவில்லை. என் பக்கத்தில் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அடித்த ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். முடிந்ததும் தாளைத் தானே கிழித்து வாசலுக்குக் கொண்டுபோனார்.

"இந்தா, இன்னைக்கு முழுசா இருக்கு" என்று லாரிக்காரரிடம் நீட்டினார். லாரிக்காரர் அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பினார்.