பூச்சிக்கு மைலேஜ் பார்ப்பவள்

பூச்சிகளுக்கு மைலேஜ் பார்ப்பது என் தொழில். புனேயில் ஓர் ஆய்வகத்தில், வெட்டுக்கிளியின் முதுகில் மெல்லிய கம்பியை ஒட்டி, ராட்டினம் போலச் சுற்றிப் பறக்கவிட்டு, அது உடம்பில் உள்ள எதை எரித்துப் பறக்கிறது என்று பார்ப்போம். தன் வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்க முடியாமல் விழித்தவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

இரண்டு டாங்க்

என் கணவர் செந்தில் கோயம்புத்தூர்க்காரர். புனே பக்கம் சாகணில் கார் கம்பெனி இன்ஜினியர். கல்யாணமான புதிதில், ஔந்த் சிக்னலில் நிற்கும்போது என் ஆய்வை விளக்கினேன். வெட்டுக்கிளி கிளம்பும்போது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எரிக்கும். நெடுந்தூரத்துக்கு அது போதாது. கொஞ்ச நேரத்தில் ஒரு ஹார்மோன் சுரந்து, சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்துக் கொடுக்கும். அந்த மாற்றம்தான் என் பிஎச்டி.

அவர் டாஷ்போர்டில் ஒரு பட்டனைத் தட்டிக் காட்டினார். "நம்ம காராட்டவே இருக்குது! பெட்ரோல்ல ஸ்டார்ட் ஆயி சிஎன்ஜிக்கு மாறுது. இதைச் சொல்லவா இத்தனை நேரம்?"

காக்குவும் தேனீயும்

பக்கத்து ஃப்ளாட் மராத்தி அம்மாளை எல்லோரும் காக்கு, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் காலை அவர் பால்கனியில் ஒரு தேனீ சுருண்டு கிடந்தது. துடைப்பத்தை எடுத்தவரைத் தடுத்தேன். தேனீ பறப்பது முழுக்க சர்க்கரையில்தான். வயிற்றுத் தேன் தீர்ந்தால் வழியிலேயே விழுந்துவிடும். ஸ்பூனில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன். நாக்கை நீட்டிக் குடித்தது. காக்கு துடைப்பத்தைப் போட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். தேனீ உடம்பை உதறிச் சூடேற்றிக்கொண்டு ஜிவ்வென்று கிளம்பியது.

கைதட்டிய காக்குவின் முகம் சட்டென்று வாடியது. இந்தியில் பொரிந்தார்: "அதுக்குக் கொடுத்தா பறக்குது. நான் ஒரு ஜிலேபி தொட்டா மட்டும் டாக்டர் திட்டுறார்!"

நிற்காத வெட்டுக்கிளி

என்னோடு வேலை பார்க்கும் பிரசாத், ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் மேகாவைக் காதலித்தான். மேகாவின் அப்பாவோ, "பூச்சி பிடிக்கிறவனுக்குப் பொண்ணா?" என்று முறுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு சாயங்காலம் ஹோட்டலில் சந்திக்க இறங்கி வந்தார். அன்றைக்குப் பார்த்து, வழக்கமாகச் சீக்கிரம் சோர்ந்துபோகும் வெட்டுக்கிளிகளில் ஒன்று கொழுப்புக்கு மாறி, நிற்காமல் பறந்துகொண்டிருந்தது. "நான் பார்த்துக்கறேன், நீ போடா" என்றேன். அவன் நகரவில்லை.

மேகாவே கோபமாக வந்து நின்றாள். "இதை நிறுத்தவே முடியாதா?"

"காலுக்கடியில காகிதம் வச்சா நின்னுடும்" என்றான் பரிதாபமாக. அவள் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வெட்டுக்கிளியிடம் போனாள். அந்தச் சிறகுகளைப் பார்த்தபடி நின்றாள். பிறகு காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டாள். "பாவம், தானா நிற்கட்டும்."

காத்திருந்து சலித்த அப்பாவும் தேடி வந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ, வெட்டுக்கிளி மெல்ல ஓய்ந்து சிறகை மடக்கும்வரை எங்களோடு நின்று பார்த்தார். பிறகு பிரசாத்தின் தோளில் கைவைத்தார்.

"பொறுமைசாலிதான். என் பொண்ணோட கோபத்தைத் தாங்குவார்."

ஆக, ஒரு பூச்சி எப்போது சர்க்கரையிலிருந்து கொழுப்புக்கு மாறும் என்று கேளுங்கள், சொல்கிறேன்; ஒரு மாமனார் எப்போது மனசு மாறுவார் என்பதற்கு நீங்கள் வேறு ஆய்வகம்தான் பார்க்க வேண்டும்.