மெர்சி பாவாத்தாள் எங்கள் சபையைப் படுத்திய பாடு

பாவாத்தாள் எங்கள் சபைக்கு வந்து சேர்ந்ததே விலாசம் தவறித்தான்.

தொண்ணூற்றொன்றில் அவள் டைபாய்டு காய்ச்சலில் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். புருஷன் செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகளைக் காரமடையில் கட்டிக்கொடுத்திருந்தாள். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கிடந்தவளுக்கு ஒரு மலையாளத்து நர்ஸ் தலை வாரிவிட்டு, கஞ்சி ஊட்டி, வாந்தி அள்ளியிருக்கிறாள். "எனக்கு எதுக்குங்க அம்மணி இத்தனையும் பண்றீங்க?" என்று கேட்டதற்கு, "ஞான் கும்பிடற ஏசு இப்படித்தான் செய்யச் சொல்லியிருக்கு" என்றாளாம் நர்ஸ். காய்ச்சல் விட்டு எழுந்த பாவாத்தாள், ஏசு சாமி எங்கே இருக்கிறார் என்று எங்கள் கணபதி வட்டாரம் முழுக்க விசாரித்துக்கொண்டு வந்து, எங்கள் சபை வாசலில் நின்றாள்.

அந்த நர்ஸ் எங்கள் சபை அல்ல. எங்கள் சபையில் யாரும் யாருடைய வாந்தியையும் அள்ளியதாக ரெக்கார்டு கிடையாது. அப்போது நான்தான் சபைச் செயலாளர். ரெக்கார்டெல்லாம் என் பீரோவில்தான் இருந்தன. அதனால் உறுதியாகச் சொல்கிறேன்.

அடுத்த வருஷம் ஞானஸ்நானம் கொடுத்து மெர்சி என்று பெயர் வைத்தோம். "பேரு நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா யாராச்சும் கூப்பிட்டா நான் திரும்பிப் பார்க்கோணுமல்லங்க?" என்றாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எனவே எல்லோரும் பாவாத்தா என்றே கூப்பிட்டோம். பட்டறைகளுக்குப் பின்னால் லைன் வீட்டில் குடியிருந்தாள். ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. வாயில் எந்நேரமும் புகையிலை. கோபம் வந்தால் அவள் பேசுவதைக் கேட்க நல்ல மனதிடம் வேண்டும். ஆராதனையில் கடைசி பெஞ்சில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் உட்காருவாள். அங்கே உட்காரும்படி யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவள் அப்பன் ஆத்தாள் யார் தோட்டத்தில் கூலிக்கு இருந்தவர்கள் என்பது மட்டும் எப்படியோ முன் பெஞ்சு வரைக்கும் தெரிந்திருந்தது. மற்றபடி எங்கள் சபையில் சாதி கிடையாது. கல்யாணம், கல்லறை, கமிட்டி மூன்றையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் சுத்தமாகக் கிடையாது.

அவளிடம் பெரிய குறை ஒன்று இருந்தது. பிரசங்கத்தைக் காது கொடுத்துக் கேட்பாள்.

நாங்களும் கேட்போம்தான். "இன்னிக்கு ஐயா நல்லாப் பேசினாரு" என்று கை குலுக்குவோம், வீட்டுக்குப் போவோம், கறிச்சோறு தின்போம். பாவாத்தாள் அதைத் தனக்கு வந்த வேலை உத்தரவு என்று எடுத்துக்கொள்வாள். ரெண்டு உடுப்பு வைத்திருப்பவன் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று போதகர் ஒரு ஞாயிறு பேசினார். திங்கட்கிழமை காலை பாவாத்தாள் தன் மூன்று சேலையில் ஒன்றைச் சித்தாள் வேலைக்கு வந்த பெண்ணுக்குக் கொடுத்தாள். சாயங்காலம் எஸ்தரம்மா வீட்டு வாசலில் போய் நின்றாள். எஸ்தரம்மா எங்கள் பெண்கள் ஐக்கியத்தின் தலைவி.

"ஏனுங்கம்மா, உங்க ஊட்டுல எத்தனை சேலைங்க இருக்குது?"

எஸ்தரம்மா இரண்டு நாள் தலைவலியில் படுத்துவிட்டார். அவருடைய கணவர் சென்னியப்பன்தான் எங்கள் கமிட்டித் தலைவர். மோட்டார் பம்புக்கு வார்ப்பு ஊற்றும் பட்டறை வைத்திருந்தார். அவர் ஜெபிக்க எழுந்தால் உலையைத் திறந்த மாதிரி இருக்கும், முதல் மூன்று பெஞ்சுக்கும் அனல் அடிக்கும். அவர் என்னைக் கூப்பிட்டு, "போதகர்கிட்டச் சொல்லுங்க, பிரசங்கத்தைக் கொஞ்சம் பொதுவாப் பண்ணச் சொல்லி" என்றார்.

போதகர் பொதுவாகத்தான் பண்ணினார். தொண்ணூற்றைந்து ஆடி மாதம், ரோட்டில் அடிபட்டுக் கிடந்தவனின் கதையை எடுத்துக்கொண்டார். பெரிய மனிதர்கள் இரண்டு பேர் பார்த்தும் பாராமல் விலகிப் போகிறார்கள், மூன்றாவதாக வந்த அந்நியன் காயம் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறான். ஆயிரம் தடவை கேட்ட கதை, யாருக்கும் ஆபத்தில்லாதது என்று நினைத்தோம்.

புதன்கிழமை பாவாத்தாளின் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருவன் கிடந்தான். பெயர் ரவிக்குமார். கருமத்தம்பட்டியிலிருந்து பம்பாய்க்குத் துணி லோடு ஓட்டிய லாரி டிரைவர். வயது முப்பத்திரண்டு, எடை அதைவிடக் கொஞ்சம் கூட. யாரோ ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்ததும் மேனேஜர் கட்டில் காலியில்லை என்றார். ஆறு கட்டில் காலியாக இருந்ததைத் துடைத்து வைத்தவளே பாவாத்தாள்தான். அந்த வியாதியின் பெயரை அந்த நாளில் எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "அது" என்பார்கள்.

அவனை அவள் ஓர் ஆட்டோக்காரனைப் பிடித்துத் தன் லைன் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் இருந்த இளவயது டாக்டர் ஒருவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு விவரமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். ரத்தத்தில் ஜாக்கிரதை, கையுறை போட்டுக்கொள், கூடச் சாப்பிடுவதாலோ தொடுவதாலோ ஒட்டாது.

லைன் வீட்டின் சொந்தக்காரர் நஞ்சப்பன் அன்றைக்கே வந்து, வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். பாவாத்தாள் அவருக்குச் சொன்ன பதிலை என்னால் அச்சில் போட முடியாது. அதில் மெர்சி ஒரு பங்கு, பாவாத்தாள் ஒன்பது பங்கு.

போதகர் அவளுடைய வீட்டுக்கு ஜெபிக்கப் போனார். வாசலுக்கு முன்னால் ஒரு சாக்கடை ஓடுகிறது. போதகர் சாக்கடைக்கு இந்தப் பக்கமே நின்று, கையை நீட்டி, மிகவும் உருக்கமாக ஜெபித்தார். உள்ளே கிடந்தவனுக்குக் கேட்க வேண்டுமே என்று சத்தமாகவும் ஜெபித்தார். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது.

எங்களுக்கு ரவிக்குமாரைப் பற்றிக் கவலையில்லை. கவலையெல்லாம் கிண்ணத்தைப் பற்றி. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. சபை முழுக்க ஒரே வெள்ளிக் கிண்ணத்தில் வாய் வைத்துத் திராட்சரசம் குடிப்போம். பாவாத்தாளும் குடிப்பாள். கடைசி பெஞ்சு என்பதால் கடைசியில்தான் குடிப்பாள், ஆனாலும் குடிப்பாள். கமிட்டி அவசரமாகக் கூடி அவளை வரச்சொன்னது.

"நீ செய்யறது நல்ல காரியந்தான் பாவாத்தா," என்று ஆரம்பித்தார் சென்னியப்பன். "ஆனா சபையோட நன்மையும் ஒண்ணு இருக்குதல்ல? அவனை எங்காச்சும் ஆதரவில்லாதவங்க ஓமுக்கு அனுப்பிப்போடு."

"எந்த ஓமுங்க?"

சென்னியப்பன் என்னைப் பார்த்தார். நான் போதகரைப் பார்த்தேன். போதகர் மின்விசிறியைப் பார்த்தார்.

"சொல்லுங்க, இன்னிக்கே கொண்டுபோய் உட்டர்றேன். எனக்கு மட்டும் ஆசையாங்க? மூணு நாளாத் தூங்குலீங்க. பயமாத்தான் இருக்குது. கையுறை கிழிஞ்சிருச்சோ என்னமோன்னு பார்த்துப் பார்த்துத் தொடறேன். நேத்து ஊட்டுக்குப் பொறத்தால பொடக்காணியில உக்காந்து அழுதுபோட்டு வந்துதான் அவனுக்குக் கஞ்சி ஊத்துனேன்." புகையிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டாள். "ஒண்ணு கேக்கோணுங்க ஐயா. அந்த அடிபட்டவனைப் பார்த்துப்போட்டு அக்கட்டால போனாங்கன்னீங்களே ரெண்டு பேரு, அவிய ரெண்டு பேருத்துக்கும் அன்னைக்குக் கமிட்டி மீட்டிங்குங்களா?"

கேலிக்குக் கேட்டாளா, விவரம் தெரியத்தான் கேட்டாளா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நடவடிக்கைக் குறிப்பில் "சகோதரி மெர்சி தம் கருத்தைத் தெரிவித்தார்" என்று எழுதினேன்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த இளவயது டாக்டரை அழைத்தோம். கிண்ணத்தால் ஒட்டாது என்று அவர் அரைமணி நேரம் படம் போட்டு விளக்கினார். சென்னியப்பன் அவருக்குச் சால்வை போர்த்தினார். அவர் படியிறங்கியதும், பொதுச் சுகாதாரத்தை முன்னிட்டு இனி ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கோப்பை என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். நூற்றிருபது கோப்பைகள், அடுக்கிவைக்கப் பித்தளைத் தட்டு நான்கு. தீர்மானத்தில் பாவாத்தாளின் பெயர் எங்கேயும் வராமல் மூன்று பக்கம் எழுதினேன். என் தமிழை எல்லோரும் பாராட்டினார்கள்.

முதல் திருவிருந்து அமோகமாக நடந்தது. முடிந்த பிறகுதான் ஒரு சங்கதி தெரிந்தது. நூற்றிருபது கோப்பையையும் யாராவது கழுவ வேண்டும். பெண்கள் ஐக்கியத்தில் ஒவ்வொருவருக்கும் முதுகுவலியோ விருந்தாளியோ வந்துவிட்டது. "நம்ம பாவாத்தாவுக்கு ஊழியத்துல நல்ல வாஞ்சை" என்றார் எஸ்தரம்மா. அப்படியாக, யாருடைய வாய் பட்டுவிடக் கூடாது என்று வாங்கினோமோ அவளுடைய கையிலேயே அத்தனை கோப்பையையும் ஒப்படைத்தோம். அதிலிருந்த வேடிக்கை ஒரு மாதம் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

உறைத்தபோது எஸ்தரம்மா அலறிவிட்டார். இனி கமிட்டிக் குடும்பங்கள் முறை வைத்துக் கழுவுவது என்று முடிவானது. முதல் முறை எஸ்தரம்மாவுடையது. கழுவியதில் ஏழு கோப்பை உடைந்தது. அடுத்த மாதம் என் வீட்டு முறை. என் மனைவி தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்கடுத்த மாதம், யாரும் எதுவும் பேசாமலே, வேலை பழையபடி பாவாத்தாளிடம் போய்ச் சேர்ந்தது. எங்கள் பயத்தைவிட எங்கள் சோம்பல் பெரியது.

ஒருநாள் தண்ணீர்த் தொட்டியருகே அவள் கழுவிக்கொண்டிருந்தபோது நான் சாவி வாங்கப் போனேன்.

"ஏனுங்க சார், இதெல்லாம் என்னாலதான வாங்குனீங்க?"

பொதுச் சுகாதாரம் என்று ஏதோ முனகினேன்.

"இருக்கட்டுமுங்க. ஒரே கிண்ணமா இருந்தா ஒரு நிமிசத்துல கழுவி எடுத்துருவேன். உங்க பயத்தையும் சேர்த்தில்ல கழுவோண்டியிருக்குது" என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குச் சாவி மறந்துபோய்விட்டது.

ரவிக்குமார் அவள் வீட்டில் நான்கு மாதம் இருந்தான். கஞ்சியைத் துப்பினால் திட்டுவாள், குடித்தால் அதற்கும் திட்டுவாள். நடமாட முடிந்த நாட்களில் அவன் வாசலில் உட்கார்ந்து அவளுக்குக் கீரை ஆய்ந்து கொடுத்தான். அவளை அக்கா என்றான். அவனுடைய அண்ணன் ஒருமுறை வந்து, சாக்கடைக்கு இந்தப் பக்கம், போதகர் நின்ற அதே கல்லில் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

கார்த்திகை மாதம் ஒரு மத்தியானம் அவன் செத்துப்போனான். பாவாத்தாள் போதகரிடம் வந்து, சபைக் கல்லறையில் ஆறடி இடம் கேட்டாள். சென்னியப்பனும் கூட இருந்தார்.

"அவன் நம்ம ஆளில்லையே பாவாத்தா. நீ அவனுக்குச் சுவிசேஷம் சொன்னயா?"

"கஞ்சி முழுங்கவே தெம்பில்லாதவனுக்கு என்னத்தைங்க சொல்றது? கஞ்சிதானுங்க ஊத்துனேன்."

விதியில் இடமில்லை என்றார் சென்னியப்பன். அந்த விதியை எழுதியது நான்தான். பாவாத்தாள் சண்டை போடவில்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

பொது மயானத்தில்தான் அடக்கம். ஆஸ்பத்திரி வார்டுபாய் இரண்டு பேர் வந்தார்கள். பாடையின் மூன்றாவது முனையைத் தூக்கியது, வீட்டைக் காலி பண்ணச் சொன்ன நஞ்சப்பன். "நாலு மாசமாப் பார்த்துட்டே இருந்தனுங்க. இதுக்கு மேல எப்படீங்க சும்மா இருக்கறது?" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார், ஏதோ தப்புப் பண்ணிவிட்டவர் போல. நான்காவது முனைக்கு ஆளில்லாமல் பாவாத்தாளே தோள் கொடுத்து நடந்திருக்கிறாள். பாதி வழியில் போதகர் மொபெட்டில் வந்து, அங்கியில்லாமல், அவளை விலகச் சொல்லித் தன் தோளைக் கொடுத்தாராம். எனக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தேன். பதினேழு நாள் லீவு மிச்சம் இருந்தது.

அந்த ஞாயிறு போதகர் ஆறே நிமிஷம் பிரசங்கம் செய்தார். எங்கள் சபை வரலாற்றிலேயே அதுதான் சின்னது. என்ன சொன்னார் என்று இன்றைக்கும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. யாரும் கை குலுக்கவில்லை.

அதன்பின் அந்த இளவயது டாக்டரே அந்த மாதிரி நோயாளிகளை ஒவ்வொருவராக அவளிடம் அனுப்பத் தொடங்கினார். நஞ்சப்பன் பக்கத்து வீட்டையும் திறந்துவிட்டார். தொண்ணூற்றெட்டில் எங்கள் சபைக்குப் பொன்விழா வந்தது. பிஷப் வருகிறார், சபை செய்யும் தொண்டுகளைப் பார்க்க விரும்புகிறார் என்று கடிதம் வந்ததும் கமிட்டி திகைத்துப்போனது. அப்புறம் சென்னியப்பன் மேஜையைத் தட்டினார்.

"நம்ம பாவாத்தா இருக்கறாளே!"

மூன்றே நாளில் தகர போர்டு தயாரானது. எழுதிக்கொடுத்தது நான். 'அன்பின் இல்லம். எமது சபையின் கருணைத் திருப்பணி' என்று பெரிய எழுத்தில், கீழே கமிட்டியார் ஒன்பது பேரின் பெயரும், சென்னியப்பனுடையது சிவப்பில். லைன் வீட்டின் முகப்பில் மாட்டினோம். பிஷப் வந்தார், மகிழ்ந்தார், எங்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பாவாத்தாள் அப்போது உள்ளே ஒருத்திக்குப் படுக்கை மாற்றிக்கொண்டிருந்ததால் போட்டோவில் இல்லை.

பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது முகப்பில் போர்டைக் காணவில்லை. யாராவது திருடிவிட்டார்களா என்று கேட்டேன்.

"இல்லீங்க சார், பொறத்தால இருக்குது. பொம்பளையாளு ஒண்ணு வந்திருக்குதுங்க, தண்ணி வாத்துக்க மறைப்பில்லாம கூச்சப்பட்டுச்சு. நல்ல கெட்டித் தகரமுங்க" என்றாள்.

பின்னால் போய்ப் பார்த்தேன். போர்டு குளியல் மறைப்புக்குக் கதவாகியிருந்தது. எங்கள் ஒன்பது பேரின் பெயரும் உள்பக்கமாக இருந்தன. உள்ளே யாரோ சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. நான் திரும்பி நடந்தேன்.