அண்ணி பேசாமல் இருந்த வகுப்பு

நாத்தனாரும் அண்ணியும் ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். எங்கள் அண்ணியோடு சண்டை போட எனக்கும் ஆசைதான். ஆனால் சண்டைக்கு இரண்டு பேர் பேச வேண்டுமே. என் முறை வந்தால்தானே!

அண்ணி வானொலிக்காரர். காலைச் செய்தியும் நேயர் பேட்டியும் அவருடையவை. இருபது வருஷத்துக்கும் மேல் ஊரை எழுப்பியது அந்தக் குரல்தான். நிலையத்தில் ஒரு கருவி இருந்தது. ஒலிபரப்பில் சில நொடி சத்தம் நின்றால் போதும், சுவரில் சிவப்பு விளக்கு எரியும். பொறியாளர் தலைதெறிக்க ஓடி வருவார். அதனால் நேயர் திணறினால் அண்ணி முந்திக்கொள்வார். விருந்தினர் யோசித்தால் அவருக்குப் பதிலாகவும் அண்ணியே யோசித்து, அண்ணியே சொல்லிவிடுவார். அவர் பணியில் அந்த விளக்கு ஒருமுறைகூட எரிந்ததில்லை. அதை எங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று எனக்கே கணக்கில்லை.

பிறகு நிலையத்தை இயந்திரத்திடம் கொடுத்தார்கள். அது நாள் முழுக்கப் பாட்டுப் போடும், சம்பளம் கேட்காது. அண்ணியை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைக்கவே எனக்குப் பிடிக்காது. முதலில் துணி துவைக்கும் இயந்திரத்தோடு பேசிக்கொண்டிருந்தார். சிரித்தோம். பிறகு அதனோடும் பேச்சு நின்றுபோனது. மருந்துக்கடை வைத்திருக்கும் என் அண்ணன், மதியம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வருவான். சாப்பிட வந்தேன் என்பான். கதவைத் திறந்து அண்ணியின் முகத்தைப் பார்க்கத்தான் வருகிறான் என்று எனக்குத் தெரியும்.

நான் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறையின் ஒலிப்பதிவுக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஊடகத்தில் வேலை பார்த்த ஒருவர் பாடம் நடத்த வேண்டும் என்று துறை தேடியபோது, நான்தான் அண்ணியைப் பிடித்துத் தள்ளினேன். ஒரு வருஷ வேலை. சரியாகப் போனால் நீடிக்கும். முதல் நாள் புதுப் பையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவரைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வகுப்பு என்றால் வகுப்பு! ஏற்ற இறக்கம் என்ன, கதை என்ன, நடுநடுவே நகைச்சுவை என்ன. "நாம பேசறத ஜனங்க ஏன் பாதியிலயே கேக்காம விட்டுடறாங்க?" என்று கேட்பார். மாணவர்கள் மூச்சை இழுப்பதற்குள், "நல்ல கேள்வி, ஏன்னா..." என்று அவரே ஆரம்பித்துவிடுவார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? வகுப்பறைச் சுவரிலும் ஒரு சிவப்பு விளக்கு இருப்பதாக அவருக்கு நினைப்பு.

பருவம் முடியும் நேரத்தில் துறைத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். நானும் உடன் இருந்தேன்.

"பிள்ளைங்க உங்கமேல ஒரு குறையும் சொல்லல மேடம். ரொம்ப இனிமையா இருக்காம். ஆனா, நாங்க வராட்டியும் அந்த வகுப்பு நடக்கும்னு சொல்றாங்க."

அண்ணி மடியில் இருந்த பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பேசக் கத்துக்க வந்த பிள்ளைங்க. அதுங்க பேசணும் இல்லையா? செவ்வாய்க்கிழமை நான் பின்னாடி வந்து உக்காருவேன். வகுப்ப வீடியோவும் எடுத்து வைப்போம். அடுத்த வருஷம் பத்தி அதுக்கப்புறம் பேசலாம்."

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டில் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணியின் முகத்தில் அந்தப் பழைய மாதங்களின் சாயல். இந்த வேலை போனால் மறுபடி அவரை மீட்க எங்களால் முடியாது.

"சரி அண்ணி, ஒத்திகை பாப்போம். எங்ககிட்ட ஏதாவது கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது" என்றேன்.

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். அண்ணனைப் பார்த்து, "உப்பு எப்படி இருக்கு?" என்றார். அண்ணன் கையில் இருந்ததை வாயில் வைத்து, மென்று, தலையைத் தூக்கினான். "கம்மிதான், எனக்கே தெரியும், இருங்க" என்று அண்ணி ஒரு சிட்டிகை எடுத்து அவன் தட்டில் தூவிவிட்டார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இது அந்த வீட்டில் தினமும் நடக்கிற கூத்து.

"முடியல" என்றார் அண்ணி. "யாரும் பேசலன்னா எனக்குக் கழுத்த நெரிக்கிற மாதிரி இருக்கு. நான் என்ன செய்யட்டும்?"

அண்ணன் எழுந்து போய், ஆணியில் தொங்கிய சட்டைப் பையிலிருந்து ஓர் இருமல் மிட்டாயை எடுத்து வந்தான். கல்யாணமான நாளிலிருந்து மனைவியின் தொண்டைக்கு அவன் கொண்டுவந்து கொடுக்கிற அதே மிட்டாய்.

"இது வாயில இருக்கும்போது நீ மைக் முன்னாடி பேசியிருக்கியா?"

"சேச்சே! பல்லுல தட்டுற சத்தம் கல்லு உருட்டற மாதிரி கேக்கும். தற்செயலாக் கூட பேசினதில்ல."

"அப்போ கேள்வியக் கேளு. கேட்டுட்டு இத வாயில போட்டுக்க."

என் அண்ணன் ஒரு வருஷத்தில் பேசுவதை ஒரே நாளில் பேசிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை வகுப்பின் பின்சுவரை ஒட்டிக் கேமராவை நிறுத்தினேன். அண்ணியின் சட்டையில் மைக்கை மாட்டும்போது, மிட்டாய் கைக்குள் இருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் துறைத் தலைவர் வந்து உட்கார்ந்தார்.

அண்ணி கேட்டார்: "உங்ககிட்ட ஒருத்தர் பேசிட்டு இருக்கும்போது, நீங்க பாதியில காத மூடிக்கிட்டது எப்போ?"

கேட்டுவிட்டு, திரும்பி, மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார்.

ஊசி விழுந்தால் கேட்கும். கேமராவில் ஒலியளவு காட்டும் கோடு தரையோடு தரையாகப் படுத்துக்கிடந்தது. அண்ணிதான் எப்படியும் சொல்வார் என்று பிள்ளைகள் சாவகாசமாக இருந்தார்கள். யாரோ பேனாவை டிக் டிக் என்று அமுக்கினார்கள். துறைத் தலைவர் காலை மாற்றிப் போட்டார். அண்ணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேசிடாதீங்க அண்ணி, பேசிடாதீங்க என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். ஒருமுறை அவர் உதடு பிரிந்தது. போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான் சொல்லலாமா மேடம்?"

ஜன்னலோரப் பெண். பருவம் முழுக்க ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"எங்கப்பா மேடம். ஏன் மார்க் கொறஞ்சுதுன்னு கேப்பார். நான் வாயத் திறக்கறதுக்குள்ள ஏன்னு அவரே சொல்லிடுவார். அப்புறம் நான் எதுக்குக் கேக்கணும்? நான் பாட்டுக்கு விட்டத்தப் பாத்துட்டு இருப்பேன்."

வகுப்பு முழுக்க அண்ணியைத் திரும்பிப் பார்த்தது. அண்ணிக்கு முகம் சிவந்தது. பிறகு தோள் குலுங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. முன்வரிசைப் பையன், அப்பா பாவம், பயத்தில் அப்படிப் பேசுகிறார் என்றான். பயமா, அதிகாரமா என்று இன்னொருத்தி மல்லுக்கு நின்றாள். அண்ணி கையைக் காட்டி ஆளை மாற்றிவிட்டதோடு சரி. மணி அடித்த பிறகும் வாக்குவாதம் முடியாமல் பிள்ளைகள் நடைவழியில் பேசிக்கொண்டே போனார்கள்.

துறைத் தலைவர் எழுந்து வந்தார். "அடுத்த வருஷத்துக்கு நேர அட்டவணை போடறப்ப உங்களுக்கு எந்த நேரம் வசதின்னு சொல்லுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மைக்கைக் கழற்றியபடி, "அண்ணி, அந்த மிட்டாய்க்குக் கோயில் கட்டணும்" என்றேன்.

"எந்த மிட்டாய்?" என்றார் அண்ணி. "வாயில போட்ட உடனே பயத்துல முழுங்கிட்டேன்டி."

அப்படியென்றால் அந்தப் பெண் பேசும்வரை அண்ணியைப் பிடித்து நிறுத்தியது அண்ணியேதான்.

அன்று சாயங்காலம் மறுபடியும் மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில். அண்ணன் விஷயத்தைக் கேட்டு வெறுமனே தலையாட்டினான், ஆனால் முகமெல்லாம் பல். தட்டை வைத்துவிட்டு அண்ணி கேட்டார்: "உப்பு எப்படி இருக்கு?"

கேட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். உப்புக் கிண்ணத்தைத் தொடவில்லை. அண்ணன் மென்றான். விழுங்கினான். தண்ணீர் குடித்தான். அண்ணி அசையவில்லை. இந்த முறை நிஜமாகவே தன்னைக் கேட்கிறாள் என்று அவனுக்குப் புரிய அவ்வளவு நேரமாயிற்று.

"ஜாஸ்தி" என்றான்.

"என்னது?"

"உப்பு ஜாஸ்தி. கல்யாணமான நாள்லேர்ந்தே ஜாஸ்திதான்."