நீமியா, நிரல்களின் மருத்துவச்சி

யாருடைய மேசை என்று கேட்கும் பழக்கம் நீமியா வில்லால்பாவுக்கு இல்லை. போகிற போக்கில் குனிவாள், மவுஸைப் பிடுங்குவாள், கட்டளை அடிக்கத் திறந்து கிடக்கும் கறுப்புத் திரைகளில் ஒன்றை மூடிவிட்டு அடுத்த மேசைக்குப் போவாள். "ஒண்ணு போதாதா உனக்கு? எதுக்கு இத்தனை? ஆத்தைப் பாக்கணும்னா ஜன்னலைத் திற, வெளியவே ஓடுது." அசுன்சியோனின் ஆற்றுநீர் முன்னறிவிப்பு அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன் நான். இந்த ஏச்சு கிடைக்காத நாளில், இங்கே எல்லோரும் நாள் முழுக்க உறிஞ்சும் குளிர்ந்த தெரெரே தேநீரைக் குடிக்காத மாதிரி இருக்கும்.

எங்கள் கணினிகள் எல்லாம் விண்டோஸ். ஆற்றைக் கணக்கிடும் நிரல்களோ யூனிக்ஸில் பிறந்து வளர்ந்தவை. அவற்றுக்காக விண்டோஸ் வீட்டுக்குள்ளேயே ஒரு யூனிக்ஸ் குடித்தனம் வைத்துக் கொடுத்திருக்கிறாள் நீமியா. அந்தக் குடித்தனத்தில் ஒரே தொல்லை பிள்ளைப்பேறு. ஒரு நிரல் தன் வேலையைப் பகிர்ந்துகொள்ளத் தன்னைப் போலவே ஒரு பிள்ளை நிரலைப் பெற வேண்டும். சில நாள் பிள்ளை பிறப்பதே இல்லை. ஏன் என்று யாராவது கேட்டால் போதும், கையிலிருக்கும் சிப்பா ரொட்டியை ஆட்டிக்கொண்டே ஆரம்பிப்பாள். "மெமரியில தாய் எந்த நாற்காலியில உக்காந்திருக்காளோ, அதே நாற்காலிதான் பிள்ளைக்கும் வேணும். யூனிக்ஸ்ல அது கேக்காமலே கிடைக்கும். இங்க எவனாவது முன்னாடியே ஏறி உக்காந்திருப்பான். பிள்ளை பொறக்கும்போதே செத்துரும்."

ஆம்பிளைச் சட்டை, கத்தரித்த தலை, தெருமுனை வரை கேட்கும் குரல். அடக்கம் என்ற சொல்லுக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தனக்கு என்ன தெரியும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். நமக்கும் தெரிய வேண்டும் என்பதில் குறியாக இருப்பாள்.

போன வாரம் ஆறு ஏறிக்கொண்டிருந்த காலையில் கணக்கு நின்றுபோனது. திரையில் ஒரே வரி: வளம் தற்காலிகமாக இல்லை. எங்கள் அறிவிப்பை ஊர் மொழியான குவாரனியில் எழுதி வானொலிக்கு அனுப்புகிறவர், எல்லோரும் மரியாதையாக 'ஞா எவுசேபியா' என்று கூப்பிடும் அம்மாள். அவர் முகம் வெளிறிவிட்டது. ஆற்றோரத் தாழ்நிலக் குடியிருப்பான பன்யாதோவில் அவர் தங்கை வீடு. அங்கே படுக்கையோடு கிடக்கும் மாமியாரைத் தூக்க நகராட்சி லாரி வர வேண்டும். எங்கள் கணக்கு வராமல் லாரி நகராது. "அக்கா, தண்ணி வருமா வராதா, ஒண்ணு சொல்லுக்கா" என்று போனில் தங்கை குரல் எனக்கே கேட்டது.

மேலதிகாரி ரோலோன் அந்த வரியைப் படித்துவிட்டு, "மெமரி பத்தலை. புதுசு வாங்கணும்" என்றார்.

"மெமரியா? பாதிக்கு மேல குறட்டை விட்டுத் தூங்குது, சார்."

"அப்ப அணைச்சுப் போட்டுப் பாரேன்."

அணைத்துப் போட்டாயிற்று. அதே வரி. நீமியா எங்கள் எல்லோரையும் வராந்தாவுக்கு விரட்டிவிட்டுக் கறுப்புத் திரைகளை ஒன்று விடாமல் மூடினாள். வீட்டில் ஆள் இருக்கும்போது நாற்காலிகளை மாற்றிப் போட முடியாது என்பாள். நிரலோடு சேர்ந்து ஏறும் ஒவ்வொரு துணைக்கோப்புக்கும் மெமரியில் தனித்தனி இடம் ஒதுக்கிவிட்டு நிரலை ஓட்டினாள். மறுபடியும் அதே வரி. வாசலில் எட்டிப் பார்த்த எங்களை உள்ளே கூப்பிட்டாள்.

பிறகு என் கணினியில் நிரல்களோடு சேர்ந்து ஏறும் கோப்புகளின் பெயர்களையும் ஆற்றுக் கணக்கு ஓடும் முதன்மைக் கணினியில் ஏறுபவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அங்கே ஒரு பெயர் கூடுதல்.

"யாருடா இவன்? எல்லா நிரலுக்குள்ளயும் போய்க் குந்தியிருக்கான்!"

"நான்தாம்மா போட்டேன்," என்றார் ஞா எவுசேபியா. "நேத்து. குவாரனி எழுத்து அடிக்க. அந்தத் திரைதான் பெரிசா இருந்துச்சு."

"ஐயோ ஞா! நீங்க அடிக்கிற விசையைப் பிடிக்கறேன்னு அது ஒவ்வொரு நிரலுக்குள்ளயும் புகுந்து பிள்ளையோட இடத்தைப் பிடிச்சிருக்கு. உங்க மொழி வாழ என் பிள்ளைங்க சாகணுமா?"

"அது உன் மொழியும்தான்டீ."

நீமியா எழுத்து நிரலைப் பிடுங்கி எறிந்தாள். கணினியை எழுப்பி, இடங்களை மறுபடி ஒதுக்கி, ஓட்டினாள். ஒரு பிள்ளை பிறந்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் திரை கொள்ளாத வரிசை.

"கோ...ல்!" என்று அவள் போட்ட கூச்சலில் கீழே வாசல் காவலாளி ஓடி வந்துவிட்டார். மறுநாள் விடியும் முன் பன்யாதோவுக்குள் தண்ணீர் என்றது கணக்கு. ரோலோன் நகராட்சியை அழைத்தார். லாரிகள் கிளம்பின. நாங்கள் மேசையைத் தட்டிக் குதித்தோம், ரோலோனும்தான்.

ஞா எவுசேபியா மட்டும் குதிக்கவில்லை. அறிவிப்பு இன்னும் எழுதப்படவில்லை. எழுத அவரிடம் எழுத்தில்லை. நீமியா தன் பையிலிருந்து சொந்த மடிக்கணினியை எடுத்தாள். அதே எழுத்து நிரலை அதில் ஏற்றினாள். விசைகளின் மேலிருந்த ரொட்டித் தூளைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு, அதை அந்த அம்மாள் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.