படித்து முடித்த பக்கங்கள்

குற்றாலத்தில் என் கணவரின் அண்ணன் நூலகப் புத்தகம் ஒன்றைக் கிழித்து அதில் வடை வைத்தார். நடந்தது இவ்வளவுதான் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். இதற்குப் போய் எவளாவது கோபித்துக்கொண்டு பஸ் ஏறுவாளா என்றும் கேட்பார்கள். நான் ஏறினேன். ஏன் ஏறினேன் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்காமலே விட்டதையும் சேர்த்துத்தான் இப்போது எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டையில் பிறந்து வளர்ந்து, திருச்சுழி போகும் வழியில் உள்ள ஒரு கரிசல் ஊரில் வாக்கப்பட்டவள் நான். மல்லியும் பருத்தியும் விதைக்கிற குடும்பம். ஒரே முற்றத்தைப் பார்த்தபடி இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்கள், எதிரே கணவரின் அண்ணன் குடும்பம். அவரை அத்தான் என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அருப்புக்கோட்டை நூலகத்தில் நான் எடுக்காத கதைப் புத்தகம் குறைவு. கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. புண்ணாக்கு வாங்க, மாத்திரை வாங்க, மகளுக்கு யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்க என்று டவுனுக்குப் போகும்போதெல்லாம் நூலகத்துக்குள் ஒரு எட்டுப் போய்விட்டுத்தான் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புவேன். மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரம் வரை எனக்குக் கொஞ்சம் பொழுது கிடைக்கும். அதில்தான் படிப்பு.

அந்தப் பொழுதில் அத்தான் வேப்பமரத்தடிக் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் வீடியோ பார்ப்பார். என் கணவரும் பார்ப்பார். சத்தத்தைக் குறைக்கக்கூட மாட்டார்கள். அதை வேலையற்ற வேலை என்று ஒருவரும் சொன்னதில்லை. நான் புத்தகத்தைக் கையில் எடுத்தால் மட்டும் அத்தானுக்குப் பொறுக்காது.

"ஏத்தா, கலெக்டருக்கா படிக்கிற?"

இதையே எத்தனை வருஷமாகச் சொல்கிறார். சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் சிரிப்பார். என் கணவரும் கூடச் சிரிப்பார். அத்தானுடைய சிரிப்பைவிட அந்தக் கூடச் சிரிப்புதான் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

வருஷத்துக்கு ஒரு தடவை குற்றாலம் போவது எங்கள் வீட்டு வழக்கம். விதைப்புக்கு முந்திய நாட்கள், காட்டில் பெரிய வேலை இருக்காது. ஒரு வேன் பிடித்து இரண்டு வீடும் கிளம்பும். அத்தானுடைய சினேகிதர்கள் சிலரும் ஏறிக்கொள்வார்கள். வேன் தலையில் அடுப்பு, சிலிண்டர், அண்டா, அரிசி மூட்டை. போய்ச் சேர்ந்ததும் ஆண்கள் துண்டை எடுத்துக்கொண்டு அருவிக்குப் போவார்கள். பெண்கள் வண்டி நிறுத்துமிடத்தில் பாயை விரித்து அடுப்பை மூட்டுவோம். அவர்கள் குளித்துவிட்டுப் பசியோடு வருவார்கள், சாப்பிடுவார்கள், தூங்குவார்கள், மறுபடி குளிக்கப் போவார்கள். நாங்கள் பாத்திரம் தேய்ப்போம். இதற்குப் பெயர் எங்கள் ஊரில் டூர்.

அந்த வருஷம் நான் ஒரு திட்டம் போட்டேன். ஒரு தடித்த நாவலில் பாதியைத் தாண்டியிருந்தேன். துறைமுக ஊரில் ஓட்டல் நடத்தும் மூன்று சகோதரிகளின் கதை. மூத்தவள் கடையை விற்கப் போகிறாள் என்ற இடத்தில் நிறுத்தியிருந்தேன். அங்கே போய் வெட்டி அரைத்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும் என்று, முதல் நாளே வெங்காயம் உரித்து, தேங்காய் துருவி, மசாலா அரைத்து எல்லாவற்றையும் டப்பாவில் அடைத்தேன். உலை கொதிக்கும் நேரத்தில் மரநிழலில் உட்கார்ந்து படிக்கலாம். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. அருவிகூட இரண்டாம்பட்சம்தான்.

நினைத்தது நடந்தது. அக்கா சோற்றைப் பார்த்துக்கொள்ள, நான் குழம்பைக் கூட்டி வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். காற்றில் சாரல் இருந்தது. எங்கள் ஊரில் அப்படிக் காற்று அடித்தே நான் பார்த்ததில்லை. நல்ல இடத்தில் இருக்கும்போது மகள் வந்து கையைப் பிடித்து இழுத்தாள். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை, பெண்கள் பக்கம் தனியாகப் போக விட முடியாது.

"அக்கா, இவளைக் குளிக்க வச்சுக் கூட்டிட்டு வாரேன். குழம்பைக் கொஞ்சம் பாத்துக்கோங்க."

"போய்ட்டு வா. எனக்குந்தான் ஆசையா இருக்கு. சோத்தை யாரு வடிக்கிறது?"

படித்த இடத்தில் அடையாளம் செருகி, புத்தகத்தை என் துணிப்பைக்குள் வைத்து, பைக்கு மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுப் போனேன்.

கூட்டத்தில் முண்டி, ஒரு நிமிஷம் தண்ணீருக்கடியில் நின்று, போலீஸ்காரம்மா விசில் ஊதியதும் நகர்ந்து, ஈரத்தோடு திரும்பி வந்தோம். அதற்குள் ஆண்கள் வந்துவிட்டிருந்தார்கள். ரோட்டோரக் கடையில் சுடச்சுட வடை வாங்கிப் பாயின் நடுவில் பரப்பியிருந்தார்கள். அடியில் காகிதம். நான் முதலில் கவனிக்கவில்லை. மகள்தான் குனிந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, இது உன் புக்கு."

எண்ணெய் ஊறி எழுத்து மறுபக்கம் தெரிந்தது. சகோதரிகளில் இளையவளுடைய பெயர் ஒரு வடைக்குக் கீழே பாதி தெரிந்தது. சினேகிதர் ஒருவர் ஒரு தாளைக் கசக்கி விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார். புத்தகம் அத்தானின் முழங்காலுக்குப் பக்கத்தில், முன் அட்டை தொங்கிக்கொண்டு கிடந்தது. நூலக முத்திரை குத்திய தாளும் போயிருந்தது.

"இது யாரு கிழிச்சது?" என்றேன்.

"நாந்தேன்," என்றார் அத்தான். குரலில் ஒரு கூச்சமும் இல்லை. "கடைக்காரன் கொடுத்த பேப்பரு நனைஞ்சு போச்சு. நீ எதுக்குத்தா இப்படி முழிக்கிற? பாத்துத்தேன் கிழிச்சேன். நீ அடையாளம் வச்சிருந்தேல்ல? அதுக்கு முன்னாடி உள்ளதைத்தேன் எடுத்தேன். படிச்சு முடிச்ச பக்கந்தானே?"

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். "அண்ணன் விவரமாத்தேன் கிழிச்சிருக்காக," என்றார்.

அந்த ‘விவரமா’ என்ற வார்த்தைதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. தெரியாமல் கிழித்திருந்தால் மறந்திருப்பேன். அவர் அடையாளத்தைப் பார்த்திருக்கிறார். நான் எதுவரை வந்திருக்கிறேன் என்று பார்த்து, அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் குப்பை என்று முடிவு செய்து, ஒவ்வொரு தாளாகக் கிழித்திருக்கிறார். அதில் அவருக்கு ஒரு நியாயமும் இருந்தது. தான் பெருந்தன்மையாக நடந்துகொண்டதாகவே நினைத்தார்.

"இது என் புத்தகமில்ல அத்தான். லைப்ரரி புத்தகம். எனக்கப்புறம் எத்தனையோ பேரு படிக்கணும்."

"அட, பழைய புஸ்தகம். எடைக்குப் போட்டா என்ன தேறும்? வடை ஆறுது, எடு."

என் கணவரைப் பார்த்தேன். அவர் என் கண்ணைப் பார்க்காமல், "விடு, ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம். நாலு பேரு இருக்காக," என்றார்.

நாலு பேர் முன்னால் கிழிக்கலாம், நாலு பேர் முன்னால் சிரிக்கலாம், கேட்பதை மட்டும் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். அழுதால் அதையும் சிரிப்பாக்கிவிடுவார்கள் என்று தெரிந்தது. புத்தகத்தை எடுத்தேன். பையை எடுத்தேன். மகளிடம், "நீ அப்பா கூட இரு. பெரியம்மா பக்கத்துல வேன்ல உக்காந்து வா. அம்மா ஊருக்குப் போறேன்," என்றேன். அவள் தலையாட்டினாள். யாரும் நம்பவில்லை. நான் ரோட்டுக்கு ஏறும்போது பின்னால், "கொஞ்ச தூரம் போய்ட்டு வந்துரும்," என்று அத்தான் சொல்வது கேட்டது.

தென்காசிக்கு ஒரு பஸ். அங்கிருந்து ராஜபாளையம், பிறகு விருதுநகர், பிறகு அருப்புக்கோட்டை, கடைசியாக எங்கள் ஊர். ஈரத் தலையோடு ஏறினேன், வழியிலேயே காய்ந்தது. போன் விடாமல் அடித்தது. ஒரே ஒரு தடவை எடுத்து, "பஸ்ஸுல இருக்கேன். பிள்ளையைப் பாத்துக்கோங்க," என்று கணவரிடம் சொல்லி வைத்துவிட்டேன். ஜன்னலோர இடம் கிடைத்தது, கையில் மீதிப் புத்தகம் இருந்தது, வேலைக்குக் கூப்பிடப் பக்கத்தில் ஆளில்லை. எத்தனையோ நாள் நான் ஏங்கிய பொழுது அது. ஆனால் ஒரு வரி ஏறவில்லை. எழுத்தைப் பார்த்தால் எண்ணெய்தான் தெரிந்தது. அந்தப் பொழுதையும் கெடுத்துவிட்டார்களே என்று அதற்குத் தனியாகக் கோபம் வந்தது.

மறுநாள் காலையில் அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. சமாதானம் பேச வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"நீ கோவிச்சுக்கிட்டுப் போயிட்ட. நான் எங்க போறது?" என்றாள். "அத்தனை பேருக்கும் ஒத்தையில பரிமாறுனேன். அத்தனை பாத்திரத்தையும் ஒத்தையில தேச்சேன். அருவியில கால்கூட நனைக்கல. உனக்குப் புஸ்தகம் கிழிஞ்சுச்சு. நான் என்னத்தச் சொல்லிட்டுப் பஸ்ஸு ஏற?"

அவள் சொன்னது முழுக்க நிஜம். அந்த வீட்டில் என்னைக் கேள்வி கேட்க உரிமை உள்ள ஒரே ஆள் அவள்தான். அவளும் கோபமாகத்தான் இருந்தாள், என்னைவிட அதிகமாக, என்னைவிட நெடுங்காலமாக. இத்தனை வருஷம் எதிர் வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை. "கண்ணுக்கு எதிர்ல அருவி இருக்கு, நான் அடுப்பையே பாத்துட்டு வந்திருக்கேன், ஒவ்வொரு வருஷமும்," என்று சொன்னபோது அவள் குரல் உடைந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நூலகத்தில் உண்மையைச் சொன்னேன். கவுண்டரில் இருந்த அம்மாள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "வீட்டுல சின்னப் பிள்ளைக இருக்கா?" என்று கேட்டார். "இல்ல, பெரியவுகதான்," என்றேன். அதற்குப் பதில் புதுப் பிரதி வாங்கித் தரச் சொன்னார். அதே நாவலைப் புதிதாக வாங்கி வந்து கொடுத்துவிட்டேன். என் கணவர் அதற்காக மதுரைக்குக் கூடவே வந்தார், கடை கடையாக ஏறி இறங்கினார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. பை தூக்கினால் போதும் என்று நினைத்துவிட்டார்.

அடுத்த வருஷம் டூர் பேச்சு வந்தபோது அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். முற்றத்தில் எல்லோரும் இருக்கும்போதே சொன்னாள்.

"அடுப்பு ஏத்துனா நான் வரல."

அத்தான் சிரித்தார். "அப்ப எங்க சாப்பிடுறது?"

"ஊருக்கெல்லாம் ஓட்டல் இருக்கு. இல்லைன்னா நீங்க ஆக்குங்க."

"அக்கா வரலைன்னா நானும் வரல," என்றேன். எங்கள் இருவரிடையே முன்கூட்டிப் பேச்சு எதுவும் இல்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அத்தான் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். கடைசியில் சிலிண்டர் இல்லாமல் வேன் கிளம்பியது. அக்கா அன்றைக்கு அருவியை விட்டு வெளியே வரவே மாட்டேன் என்றாள். விசில் ஊதினால் வெளியே வந்து மறுபடி வரிசையில் நின்றாள். உதடு நீலம் பாரித்தும் விடவில்லை. ஓட்டல் சாப்பாடு வாயில் வைக்க விளங்கவில்லை என்று அத்தான் வழி நெடுகப் புலம்பினார். நான் வேனுக்குள் உட்கார்ந்து படித்தேன். ஒருவரும் கலெக்டரைப் பற்றிக் கேட்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். சில வருஷம் ஓடி, போன மாதம் நரிக்குடிப் பக்கம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் அத்தான் ஆரம்பித்தார்.

"எங்க தம்பி பொண்டாட்டி ஒரு புஸ்தகத்துக்காகக் குத்தாலத்துல இருந்து கோவிச்சுக்கிட்டுப் பஸ்ஸு ஏறி வந்துருச்சு. கேட்டா கதைப் புஸ்தகமாம்!"

பந்தலே சிரித்தது. எனக்குத் தெரியாத முகங்கள் எல்லாம் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தன. நான் எழுந்து நின்றேன்.

"அத்தான், கிழிச்சது யாருன்னு சொல்லாம விட்டுட்டீகளே," என்றேன். "அடையாளத்தைப் பாத்து, நான் படிச்ச பக்கத்தை எல்லாம் கிழிச்சு வடை வச்சீக. ஊருப் பொதுப் புத்தகத்தை. கதையைச் சொன்னா முழுசாச் சொல்லுங்க."

சிரிப்பு பாதியில் நின்றது. யாரோ ஒரு பெரியவர் மட்டும், "நெசமாவா?" என்று அவரைப் பார்த்துக் கேட்டார். அத்தான் வெற்றிலையை மென்றுகொண்டே, "சும்மா வெளையாட்டுக்குச் சொல்றதுதான்," என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்குப் பைக்கில் திரும்பினோம். பாதி வழியில் என் கணவர், "சபையில வச்சு அண்ணனை அப்படிக் கேக்கணுமா?" என்றார்.

"சபையில வச்சுத்தானே அவுகளும் சொன்னாக," என்றேன்.

"அவுக பெரியவுக."

"அன்னைக்கு நீங்களும் சிரிச்சீகளே, அதை இன்னும் நீங்க என்கிட்ட பேசல."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். இரண்டு பக்கமும் கருவேலம். ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சிரிச்சிருக்கக் கூடாதுதேன்," என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

இத்தனை வருஷம் கழித்து, அதுவும் ரோட்டைப் பார்த்து. எனக்கு மனம் இளகவில்லை. "சரி, வண்டியை எடுங்க," என்றேன்.