நிறம் மங்காத ஆப்ரிகாட்

பிய்த்ததும் உரசிய தீக்குச்சியின் வாடை லேசாக அடிக்கும். வாயில் போட்டால் முதலில் புளித்து, மெல்ல மெல்ல இனிக்கும். காய்ந்த ஆப்ரிகாட் என்றால் எனக்கு அந்த வாடையும், அதன் பின்னாலேயே என் தங்கை தேவகியின் மூச்சிரைப்பும்தான் நினைவுக்கு வரும்.

தேவகிக்கு ரத்தம் குறைவு, கூடவே "வீசிங்". இரும்புச் சத்துள்ளதாகக் கொடுக்கச் சொன்னார் டாக்டர். ஆரணிக் கடைத்தெருவில் உலர்பழம் விற்ற பாய் ஆப்ரிகாட்டில் இரண்டு வகை வைத்திருந்தார். ஒன்று பழுப்பேறிச் சுருங்கியது, மற்றது பளீரென்ற ஆரஞ்சு. "இதான்மா ருசி, வெல்லம் கணக்கா இருக்கும்" என்று அவர் பழுப்பைத்தான் நீட்டுவார். அம்மாவுக்கோ பட்டு நூலில் சாயம் பார்த்துப் பழகிய கண். நிறம் மங்கினாலே மட்டம் என்று ஒதுக்கும் நெசவு வீடு எங்களுடையது. "செத்துப்போன கலரு, அத்த யாரு துன்னுவாங்க?" என்று ஆரஞ்சையே வாங்கி வருவாள்.

தின்றதும் தேவகி இருமுவாள், "நெஞ்சு அடைக்குதும்மா" என்பாள். "சத்து எறங்குதுடி, மென்னு துன்னு" என்று முதுகைத் தடவிக்கொண்டே அம்மா இன்னொன்றை ஊட்டுவாள். பிள்ளை வாட வாட, பழம் கூடியது. ஒரு மார்கழி மாலை, பழம் தின்ற சற்று நேரத்தில் வந்த இரைப்பு அடங்கவேயில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில், அம்மா மடியிலேயே தேவகி போய்விட்டாள். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

கல்லூரியில் வேதியியல் படித்தபோதுதான் தெரிந்தது: அந்தப் புளிப்பு மாலிக் அமிலம், நிறம் பீட்டா கரோட்டின், காயும்போது கருக்காமலிருக்கப் போடுவது கந்தகப் புகை, சல்பர் டை ஆக்சைடு. ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு அது மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். புகை படாத பழுப்பிலும் இரும்பு இருந்தது. வகுப்பிலிருந்து எழுந்து வந்து அழுதேன். பழம்தான் காரணம் என்று இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த "ஒருவேளை" என்னை இன்றுவரை விட்டபாடில்லை.

பாய் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். பழுப்புப் பழம் ஊரில் கண்ணிலேயே படுவதில்லை. சூப்பர் மார்க்கெட்டில் ஆரஞ்சு மட்டும், பாக்கெட்டில். தேவகியின் நினைவு நாளுக்கு அம்மா வருடா வருடம் அதைத்தான் படத்துக்கு முன் படைக்கிறாள். இந்த முறை பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாடி, பொடி எழுத்துல இன்னாவோ போட்டுக்கீது?" என்று கேட்டாள்.

சல்பர் டை ஆக்சைடு என்று தெளிவாக அச்சாகியிருந்தது.

"கம்பெனி அட்ரஸ்மா" என்றேன்.

"அவ கடைசியா துன்னது இதான்" என்று சொல்லி, என் கையிலும் ஒன்றை வைத்தாள். நான் தின்றேன்.